வைகாசி வெயிலில் மூன்றடுக்கு கேக்: எங்கள் வீட்டு ரிசப்ஷனுக்குக் கேக் செய்தவரைப் பற்றி

தம்பி கல்யாணம் வைகாசியில் முடிந்தது. காலையில் திருப்பூட்டுதல் (தாலி கட்டுவது), மாலையில் கானாடுகாத்தான் வீட்டிலேயே ரிசப்ஷன். தம்பியும் பெண்ணும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள், கூட வேலை பார்க்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள், கேக் வெட்ட வேண்டும் என்று இரண்டு பேருக்குமே ஆசை. "ஆச்சி, கேக்கை மட்டும் நீ பார்த்துக்கோ" என்று தம்பி சொல்லிவிட்டான் (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்). மூன்று மாதம் இதற்காக அலைந்தேன், நான்கு பேரிடம் பேசினேன், மூன்று பேரிடம் மாதிரி வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். கல்யாணம் முடிந்த பிறகு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து ஆறேழு பேர் போன் போட்டு யாரிடம் கொடுத்தீர்கள், எவ்வளவு ஆனது என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நாங்கள் கொடுத்தது காரைக்குடியில் வீட்டிலேயே கேக் செய்கிற ஒரு பெண்ணிடம். வாரத்துக்கு ஒரு பெரிய ஆர்டர்தான் எடுக்கிறார், தெரிந்தவர்கள் மூலம் வருவதே கைக்குச் சரியாக இருக்கிறது, பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் போடவில்லை. ஆனால் அவர் என்னென்ன கேட்டார், எப்படிச் செய்தார் என்பதை முழுசாகச் சொல்கிறேன், உங்கள் ஊரில் ஆள் பார்க்கும்போது அது உதவும்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கவலை என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா மகள் ரிசப்ஷனில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். பங்குனி மாதம், வளவில், அதாவது வீட்டுக்குள் இருக்கிற முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் சேர்ந்த இடத்தில், மேடை போட்டு நடுவில் நான்கடுக்கு கிரீம் கேக் வைத்தார்கள். வைத்தது நான்கு மணிக்கு, மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர ஏழரை ஆகிவிட்டது. ஆறு மணிக்கே மேல் அடுக்கு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது, கிரீம் வழிந்து பக்கவாட்டில் போட்டிருந்த ரோஜாப் பூவெல்லாம் கீழே இறங்கி நின்றது. பெண் உள்ளே அலங்காரம் செய்துகொண்டு இருந்தாள், அவளிடம் யார் போய்ச் சொல்வது என்று ஆளாளுக்கு முழித்தோம். கடைசியில் மேல் இரண்டு அடுக்கை எடுத்துவிட்டு மிச்சத்தை வெட்டினார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஆல்பத்தில் அந்தப் பக்கம் வந்தால் வேகமாகப் புரட்டுவாள். அதை நான் மறக்கவே இல்லை.

சரி, எங்கள் தேவை என்னவென்றால் மூன்று விஷயம். கல்யாணச் சாப்பாடு முழுக்கச் சைவம், அதனால் கேக்கில் முட்டை கூடாது. வைகாசி வெயில், வெளியே 38, 39 டிகிரி. அப்புறம் நானூறு பேருக்கு ஆளுக்கு ஒரு துண்டாவது வர வேண்டும், பெரியவர்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சிநேகிதர்கள் மட்டும் தின்றுவிட்டுப் போவது எங்கள் வீட்டில் நடக்காது.

முதலில் போனது காரைக்குடியில் பெரிய பேக்கரி ஒன்றுக்கு. நல்ல மரியாதையாகப் பேசினார்கள், ஆல்பம் காட்டினார்கள், கிலோ 850 ரூபாய் என்றார்கள். முட்டை இல்லாமல் செய்வீர்களா என்றால் "எல்லாமே பண்ணலாம் மேடம்" என்றார்கள். எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான். மாவு அடிக்கிற ஒரே பீட்டரில்தான் முட்டைக் கேக்கும் முட்டையில்லாக் கேக்கும் அடிக்கிறார்களா என்று கேட்டேன், கழுவிவிட்டு அடிப்போம் என்றார்கள். அது பலருக்குப் போதும், எங்கள் அப்பத்தாவுக்குப் போதாது. மாதிரிக் கேக் மிருதுவாகத்தான் இருந்தது, ஆனால் கிரீம் சாப்பிட்ட பிறகு அண்ணத்தில் எண்ணெய் ஒட்டின மாதிரி நின்றது. விப்பிங் கிரீம் பெட்டியைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், பாமாயில் பனையின் கொட்டை எண்ணெயில் செய்தது, பால் கிரீம் இல்லை. அது பால் கிரீமைவிட வெயில் தாங்கும், விலையும் குறைவு, அதனால்தான் கடைகளில் அதையே வைத்திருக்கிறார்கள், தப்பென்று சொல்லமாட்டேன். பிறந்தநாளுக்கு அங்கேதான் வாங்குகிறோம், இனியும் வாங்குவோம். மூன்று மணி நேரம் நிற்க வேண்டிய அடுக்குக் கேக்குக்கு என் மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது மதுரையில் ஒருவர். படங்கள் பிரமாதம், கிலோ 2,200, வண்டிக்குத் தனியாக 5,000. மாதிரியும் அருமையாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் 90 கிலோமீட்டர் கேக் வர வேண்டும், வந்து இறக்கி வைத்துவிட்டு அவர்கள் கிளம்பிவிடுவார்கள், நடுவில் ஏதாவது ஆனால் நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இன்னொருவர் போனிலேயே, ஃபாண்டண்ட் போட்டால் எந்த வெயிலும் ஒன்றும் செய்யாது, ஃப்ரிட்ஜில் வைத்திருந்து கடைசி நிமிஷத்தில் எடுங்கள் என்று சொன்னார். அது சரியில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஃபாண்டண்ட் என்பது சர்க்கரையில் பிசைந்து கேக் மேல் போர்த்துகிற மாவு, குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து வியர்த்துப்போகும், சாயம் கசியும், தொட்டால் பிசுபிசுக்கும்.

நான்காவதாகத்தான் இவரைப் பார்த்தேன், என் நாத்தனார் சொல்லித்தான் போனேன். நான் படம் காட்டுவதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆச்சி, கேக் வீட்டில் எந்த இடத்தில் நிற்கும்?" வளவில் என்றேன். "திறந்த முற்றத்து வாசலிலா, தூண் வைத்த பட்டாசாலையிலா? மேலே பந்தல் உண்டா? எத்தனை மணிக்கு வைத்து எத்தனை மணிக்கு வெட்டுவீர்கள்? நேரம் தள்ளிப்போகுமா?" என்று அடுத்தடுத்துக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மற்ற மூன்று பேரும் எத்தனை கிலோ, என்ன டிசைன், எந்தத் தேதி என்று கேட்டார்களே தவிர, இதை ஒருவரும் கேட்கவில்லை. அந்த நோட்டைப் பார்த்ததுமே பாதி முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு மாலை நேரில் வீட்டுக்கு வந்தார். நம் வீடுகளில் வளவு வாசல் தரை மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகத்தான் இருக்கும், பிறந்ததிலிருந்து அதில் நடக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை. பையிலிருந்து கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்துக் காட்டினார், குமிழி ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டது. அந்த இடத்தில் மேசை போட்டால் மேல் அடுக்கு போகப் போகச் சாயும் என்றார். சித்தப்பா வீட்டில் அன்றைக்கு வெயில் மட்டும்தான் காரணமா என்று அப்போது யோசித்தேன். பிறகு பட்டாசாலையில் இரண்டு தேக்குத் தூணுக்கு நடுவில், ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்தில் வைத்துப் பார்த்தார், குமிழி நடுவில் நின்றது. மேசை அங்கேதான் என்று அன்றைக்கே முடிவாயிற்று. ஃபேன் நேராகக் கேக்கின் மேல் அடிக்கக்கூடாது, மேல்பூச்சு காய்ந்து வெடிக்கும் என்று அதையும் மேலே பார்த்துக்கொண்டார்.

முட்டை விஷயத்தில் அவர் சொன்ன ஒன்று எனக்குப் புதிது. முட்டையில்லாக் கேக் என்றால் சைவம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஃபாண்டண்டிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கலாம், அது மாட்டுத் தோல், எலும்பு மாதிரியானவற்றிலிருந்து எடுப்பது. அவர் வாங்குகிற பெட்டியில் சைவம் என்று காட்டுகிற பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். அவர் வீட்டில் முட்டையே உள்ளே வருவதில்லை, அதனால் அடுப்பிலும் பாத்திரத்திலும் கலக்கிற பேச்சே இல்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு நம்பர், 14 இலக்கம், பில்லிலேயே அச்சடித்திருக்கிறார். இதைச் சொன்ன பிறகுதான் அப்பத்தா "அப்ப சரி, எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை" என்றார்கள். பேக்கரியில் இதே ஜெலட்டினைப் பற்றிப் போன் போட்டுக் கேட்டேன், அவர்களுக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறோம் என்றவர்கள் பிறகு கூப்பிடவில்லை. நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

மாதிரி சாப்பிடப் போன அன்று ஐந்து வகை வைத்திருந்தார். இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. தயிரும் சோடா உப்பும் போட்டுச் செய்த சாக்லேட் கேக், வாயில் போட்டதும் ஈரமாக, கனமாக இருந்தது, கசப்பு கொஞ்சம் தூக்கலாக, சின்னப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி. கண்டென்ஸ்டு மில்க்கில் செய்த வெண்ணிலா. பிறகு கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு ஒன்று. கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி மாவில் சேர்த்திருக்கிறார், வெட்டினால் உள்ளே காபித்தூள் நிறம், பல்லில் ஒரு மண்ணும் நெருடவில்லை, சாப்பிட்டு முடித்த பிறகு பணியாரம் சுட்ட வீட்டு வாசம் மாதிரி ஒன்று தொண்டையில் நிற்கிறது. அதைத் தம்பிக்கு ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன், நடு அடுக்கு அதுதான் என்று முடிவாகிவிட்டது.

நான் கவுனி அரிசியில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். பர்மாவிலிருந்து வந்த கறுப்பு அரிசி, நம் வீட்டு விசேஷத்தில் கவுனி இல்லாமல் இலை போடுவதில்லை, கேக்கிலும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசை. கவுனி மாவில் செய்து பார்த்து வைத்திருந்தார், சாப்பிட்டேன், மணலாக உதிர்ந்தது, நிறம் மட்டும் அழகு. அப்படியானால் கவுனியை வேகவைத்துத் தேங்காயும் சர்க்கரையும் போட்டு நடுவில் வையுங்களேன் என்றேன். முடியாது என்றார். தேங்காய் சேர்ந்தால் இந்த வெயிலில் மாலைக்குள் ஊசிவிடும், நானூறு பேர் சாப்பிடுகிற இடத்தில் அந்த வேலை வேண்டாம் ஆச்சி என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு ஒரு நிமிஷம் வருத்தம்தான். ஆனால் கேட்டதற்கெல்லாம் சரி சொல்கிறவரைவிட இப்படிச் சொல்கிறவரை நம்பலாம் என்று தோன்றியது. கவுனி எப்போதும் போல இலையில் இருந்தது.

வெயிலுக்கு அவர் சொன்ன வழி கனாஷ். சாக்லேட்டையும் கிரீமையும் சேர்த்து உருக்கி ஆற வைப்பது. வெண்ணெய்க் கிரீம் வேண்டாம், வெண்ணெய் 32, 33 டிகிரியிலேயே இளகிவிடும், நம் வளவில் மாலையிலும் அவ்வளவு இருக்கும். வெள்ளைச் சாக்லேட் என்றால் ஒரு பங்கு கிரீமுக்கு மூன்று பங்கு சாக்லேட், வெயில் காலத்தில் அதற்கும் மேலே. அதைப் பூசி இறுகவிட்டு, அதன் மேல் மெல்லிசாக ஃபாண்டண்ட். அதற்குப் பிறகு ஃப்ரிட்ஜ் கிடையாது, ஏசி அறை மட்டும்தான். எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறது ஒரே அறையில், அங்கே பெண்ணுக்கு அலங்காரம். பெண்ணிடமே கேட்டேன், ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள் ஆச்சி என்று சொல்லிவிட்டாள்.

முட்டை இல்லாத கேக் கொஞ்சம் உதிரும் தன்மை உள்ளது, கட்டிப் பிடித்து நிறுத்துவது முட்டைதான், அது இல்லாமல் மூன்றடுக்கு எப்படி நிற்கும் என்று எனக்குக் கடைசிவரை பயம். அவர் காட்டினார்: ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில் அதே அளவில் ஒரு அட்டை, அந்த அட்டை கீழ் அடுக்கில் செருகின ஐந்தாறு குச்சி மேல் உட்காருகிறது. கீழே இருக்கிற கேக் மேலே இருக்கிற கேக்கைத் தாங்குவதே இல்லை, குச்சிதான் தாங்குகிறது. வெட்டும்போது குச்சியை எண்ணி எடுக்க வேண்டும், எத்தனை குச்சி என்று அட்டையின் அடியில் எழுதிக் கொடுத்தார்.

கணக்கைச் சொல்கிறேன். மூன்றடுக்கு, பத்து, எட்டு, ஆறு அங்குலம், மொத்தம் 8 கிலோ, கிலோ 1,400. மீதி 12 கிலோ அலங்காரம் இல்லாத தட்டுக் கேக், அதே மாவு, அதே கனாஷ், கிலோ 750, அதை வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் வைத்து வெட்டி 50 கிராம் துண்டாகப் பந்திக்கு அனுப்பினோம். ஆக 20,200, வண்டிக்கு 800, மொத்தம் 21,000. முன்பணம் 10,000 கொடுத்தோம், ஸ்டாண்டுக்கு டெபாசிட்டாகத் தனியாக 2,000 வாங்கிக்கொண்டார். நானூறு பேருக்கும் அலங்காரக் கேக்கே செய்தால் 28,000 ஆகியிருக்கும். தட்டுக் கேக் யோசனை அவர் சொன்னதுதான், அவருக்கு வரவேண்டிய பணத்தை அவரே குறைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நான்கு மணிக்கு வந்துவிட்டார்கள், அவரும் அவர் கணவரும். கோட்டையூர், பள்ளத்தூர் வழியாக 15 கிலோமீட்டர்தான், ஆனால் வேகத்தடை எண்ணி மாளாது. அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில், காரின் பின்னால் சமமான இடத்தில் வழுக்காத விரிப்பு போட்டு வைத்து, ஏசியில் ஓட்டி வந்தார்கள். சீட்டில் வைத்தால் சீட் பின்பக்கம் சரிவு, கேக் ஒரு பக்கம் நகரும் என்றார். ஆறேகால் வரை ஏசி அறை, பிறகு பட்டாசாலையில் வைத்து அடுக்கினார், மறுபடியும் ரசமட்டம்.

அப்போதுதான் அந்தச் சம்பவம். மேடை அலங்காரம் செய்த பையன் கேக் மொட்டையாக இருக்கிறது என்று நினைத்து, மிச்சமிருந்த பூவை எடுத்து வந்து அடுக்குக்கு அடுக்கு சொருகப் போனான். நல்ல எண்ணத்தில்தான். சிவப்பு அரளி. இவர் கையில் இருந்த கத்தியை மேசையில் வைத்துவிட்டு ஒரே எட்டில் போய் அவன் கையைப் பிடித்துவிட்டார். அரளிச் செடியில் இலை, பூ, பால் எல்லாமே விஷம், இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது, ஆனால் பூமாலையில் தினம் பார்க்கிற பூவாக இருப்பதால் அந்த நேரத்துக்கு யாருக்கும் தோன்றவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், எனக்கும் தோன்றவில்லை. அந்தப் பையனைத் திட்டவும் இல்லை, தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார். ரோஜா, மல்லிகைகூடக் கடைப் பூவில் மருந்து அடித்திருப்பார்கள், கேக்கில் நேராகக் குத்தக்கூடாது என்றார். எங்கள் கேக்கில் இருந்த தாமரை மொட்டெல்லாம் சர்க்கரையில் அவர் கையால் செய்தது.

ஏழேகாலுக்கு வெட்டுவதாக இருந்தது, எட்டு மணி ஆனது. கேக் அசையவில்லை. அவர் அதுவரை தூண் ஓரமாக நின்றுகொண்டே இருந்தார், வெட்டி முடித்து, முதல் அடுக்கைப் பிரித்து, குச்சிகளை எண்ணி எடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

குறை இல்லாமல் இல்லை. மேல் அடுக்கு வெண்ணிலா கொஞ்சம் வறண்டிருந்தது, மாதிரியில் இருந்த ஈரம் இல்லை, சின்ன அடுக்கு அடுப்பில் சீக்கிரம் வெந்துவிடும், இரண்டு நிமிஷம் கூடிவிட்டது என்று அவரே ஒத்துக்கொண்டார். தாமரைக்கு நாங்கள் கேட்டது மங்கலான ரோஸ், வந்தது கொஞ்சம் தூக்கலான ரோஸ், பெண்ணின் சேலைக்கு ஒட்டவில்லை. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை போன் எடுக்கவே மாட்டார், அடுப்பு வேலை, புரிகிறது, ஆனால் கல்யாண வாரத்தில் நமக்கு அடித்துக்கொள்ளும், வாட்ஸப்பில் ஒரு வரி போட்டால் தேவலை. இன்னொன்று, ஃபாண்டண்ட் எல்லாருக்கும் பிடிக்காது, பெரியவர்கள் நிறையப் பேர் உரித்து இலை ஓரத்தில் வைத்துவிட்டார்கள், தட்டுக் கேக்தான் தட்டோடு காலியானது, அதிலும் கருப்பட்டிக் கேக்கை இரண்டாம் பந்திக்குள் முடித்துவிட்டார்கள். மறுபடி செய்தால் கருப்பட்டியை மூன்று கிலோ கூட்டிச் சொல்வேன்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் இரண்டு மாதம் முன்னால் பேசிவிடுங்கள், ஆவணி, தை, வைகாசி முகூர்த்தத்துக்கு மூன்று மாதம். காரைக்குடியிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல் அடுக்குக் கேக் எடுப்பதில்லை, மே மாதத்தில் திறந்த வெளி என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறார், அதற்காகக் கோபப்படாதீர்கள். தெரிந்தவர்கள் என்னிடம் நேரில் கேட்டால் அவரிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன்.

மறுநாள் காலையில் ஸ்டாண்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு காரைக்குடி போனோம். திருப்பிப் பார்த்து, ஒரு கால் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் திருகிப் பார்த்துவிட்டு, 2,000 ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். கூடவே ஒரு சின்ன டப்பா, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் என்று தனியாக எடுத்து வைத்திருந்த கருப்பட்டிக் கேக்.